மயில் வசீகரன்: பருவந்தோறும் ஒரு படம்

நம் நாட்டுச் சமவெளிகளில், புல்தரையும் சிறிது ஈரமும் உள்ள எந்தத் தோட்டத்திலும் காணக்கூடிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்று மயில் வசீகரன். விரித்த சிறகுகளின் அகலம் சுமார் 6 சென்டிமீட்டர் இருக்கும். நிறம் செம்மஞ்சள். பின்சிறகு ஒவ்வொன்றிலும் மயிற்பீலியின் கண்ணை ஒத்த பெரிய புள்ளி ஒன்று அமைந்திருத்தலால் இப்பெயர் பெற்றது. ஜுனோனியா அல்மானா என்பது இதன் விஞ்ஞானப் பெயர். இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, சீனம், ஜப்பானின் தென்பகுதி ஆகிய இடங்களிலெல்லாம் இது பரவியுள்ளது. தரையை ஒட்டித் தாழப் பறப்பது, அடிக்கடி உட்காருவது, விரட்டினாலும் சற்று நேரத்தில் அதே இடத்திற்குத் திரும்புவது ஆகிய இதன் வழக்கங்கள் புகைப்படம் எடுப்பவர்க்குப் பெரிதும் துணை செய்வன. புதிதாகக் காமிரா வாங்கியவர் எடுக்கும் முதற்படங்களில் இப்பூச்சி இடம் பெறுவது இதனாலேயே.

அவ்வாறு எடுக்கப்பெறும் படங்கள் ஏறத்தாழ எல்லாமே ஒரே வகையின. காலை வெயிலில் சிறகுகளை விரித்துக் குளிர்காயும் பூச்சி, செம்மஞ்சள் நிறம், இரு மயிற்கண்கள். ஜூலை மாதத்தில் எடுத்த படத்தையும் ஜனவரி மாதத்தில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிறகின் விளிம்பு ஒன்றைத் தவிரப் பெரிய வேறுபாடு எதுவும் புலப்படாது. பருவம் மாறுவதை இப்பூச்சி தன் உடலில் எழுதிக்கொள்ளும் இடம் சிறகின் கீழ்ப்பரப்பாகும். சிறகுகளை மூடி நிமிர்த்தி உட்காரும்போது வெளியே தெரிவது அப்பரப்பே. அழகு குறைந்தது என்று பெரும்பாலோர் அதனைப் படம் பிடிப்பதில்லை. ஆண்டு முழுவதும் காமிராவுடன் திரிந்தும் இப்பூச்சியைப் பற்றிய முக்கியமான செய்தியைத் தவற விடுவது இங்ஙனம் நேருகிறது.

இரு வடிவங்கள்

மழைக்காலத்தில் வெளிப்படும் மயில் வசீகரனின் சிறகு விளிம்புகள் ஏறக்குறைய வளைவாக, மென்மையாக இருக்கும். மூடிய சிறகின் கீழ்ப்பரப்பு வெளிர் மஞ்சட் பழுப்பு. அதன் குறுக்கே தெளிவான கோடுகளும் வெண்மையான ஒரு பட்டையும் ஓடும். ஓரத்தை ஒட்டிக் கண்புள்ளிகள் வளையம் வளையமாக விளங்கும்.

வறட்சிக்காலத்தில் வெளிப்படும் பூச்சியோ வேறோர் இனம் என்றே எண்ணத்தக்கது. முன்சிறகின் முனை கோணமாக வெட்டப்பட்டாற்போல் நீண்டிருக்கும். பின்சிறகின் கீழ்மூலை குறுகிய வால்போல் நீளும். கீழ்ப்பரப்பில் கண்புள்ளிகள் மறைந்துவிடும், அல்லது சிறு பொட்டுகளாகக் குறைந்துவிடும். மங்கிய பழுப்பு, சில பூச்சிகளில் செம்மை கலந்த பழுப்பு. முன்சிறகின் முனையிலிருந்து பின்சிறகின் வால் வரை ஒரே கோடு, இலையின் நடு நரம்புபோல் ஓடும். வால் காம்பாகவும் கோடு நரம்பாகவும் அமைய, சருகுகளின் நடுவே சிறகை மூடி உட்கார்ந்த பூச்சி மற்றொரு சருகாகிவிடுகிறது. மலைக்காடுகளில் வாழும் கல்லிமா என்னும் சருகு வண்ணத்துப்பூச்சி இத்தகைய வேடத்திற்கு உலகப் புகழ் பெற்றது. அதைக் காண மலையேறுவோர் தம் வீட்டுத் தோட்டத்தில் அதே கலையைச் சற்று எளிய முறையில் பயிலும் இப்பூச்சியைக் கவனிப்பதில்லை என்பது வேடிக்கையே.

இவ்வேறுபாடு அறிஞர்களையும் ஏமாற்றியதுண்டு. உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலின் 10ஆம் பதிப்பில் இப்பூச்சிக்கு ஒன்றல்ல, இரண்டு பெயர்களைச் சூட்டினார். வறட்சிக்கால வடிவம் அல்மானா எனவும், மழைக்கால வடிவம் அஸ்டீரி எனவும் தனித்தனி இனங்களாக அந்நூலில் இடம் பெற்றன. அவர் கண்டவை கடல் கடந்து சென்ற உலர்ந்த மாதிரிகள். எந்த மாதத்தில் எந்தச் செடியின்மேல் பிடிபட்டவை என்று அவை சொல்லா. மாதிரியைச் செம்மையாக வருணித்தும் இனத்தைத் தவறாகப் பிரிக்க நேர்ந்தது தேதி என்னும் ஒரு குறிப்பு இல்லாமையால்தான்.

இத்தகைய சிக்கல் இந்திய வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றில் இருந்தது. மாலை வேளையில் பறக்கும் பழுப்புநிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் இரு வடிவங்கள் மெலனைடிஸ் லீடா, மெலனைடிஸ் இஸ்மீனி என இரண்டு இனங்களாக நெடுங்காலம் கருதப்பட்டன. இக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்தவருள் முதன்மையானவர் லயனல் டி நிஸ்வில் என்பார். இங்கிலாந்தில் பிறந்து, 1870இல் இந்தியா வந்து, அந்நாளைய கல்கத்தாவில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். ஓய்வு நேரமெல்லாம் பூச்சிகளுக்கே. அவர் வாதம் புரிவதை விடுத்துப் பூச்சிகளை வளர்த்துப் பார்த்தார். முட்டையிலிருந்து புழுவையும், புழுவிலிருந்து கூட்டுப்புழுவையும், அதிலிருந்து சிறகுள்ள பூச்சியையும் பருவந்தோறும் வெளிக்கொணர்ந்து, கல்கத்தாவில் வாழும் பழுப்புநிற வண்ணத்துப்பூச்சிகள் சிலவற்றின் பருவ வடிவங்களைப் பற்றிய முடிவுகளை 1886இல் வங்காள ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். 1905இல் பிங்ஹாம் எழுதிய வண்ணத்துப்பூச்சித் தொகுதி வெளிவந்தபோது, மயில் வசீகரன் ஓரினமாகவும், மழைக்கால வடிவம், வறட்சிக்கால வடிவம் என்னும் இரு தோற்றங்கள் உடையதாகவும் அதில் இடம் பெற்றது. அஸ்டீரி என்னும் பெயர் இனப்பெயராக நில்லாது மறைந்தது.

படம் சான்றாவது எப்போது

ஒரு தோட்டத்தில் ஓராண்டுக் காலம் முறையாக எடுக்கப்படும் படங்கள் இம்மாற்றத்தைக் கண்முன் காட்டவல்லவை. ஆயின் அழகிய படத்திற்கு வேண்டுவன வேறு. சான்றாகும் படத்திற்கு வேண்டுவன வேறு.

முதலாவது வடிவியல். 6 சென்டிமீட்டர் அகலமுள்ள பூச்சி காமிராவின் 36 மில்லிமீட்டர் சட்டத்தில் நிறைவாக அமைய வேண்டுமாயின், பிம்பம் உண்மை அளவில் ஏறத்தாழப் பாதி இருத்தல் வேண்டும். 100 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸைக் கொண்டு இவ்வளவில் படமெடுக்கையில், லென்ஸுக்கும் பூச்சிக்கும் இடையே சுமார் 30 சென்டிமீட்டர் தூரமே இருக்கும். அந்நிலையில் ஒளித்துளையை எஃப் 11 வரை சுருக்கினாலும் தெளிவாகப் பதியும் ஆழம் 4 மில்லிமீட்டர் அளவே. ஆகவே சிறகின் தளமும் காமிராவின் பின்தளமும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். இல்லையேல் சிறகின் நுனி தெளிவாகவும் அடிப்பகுதி மங்கலாகவும் விழும். மூடிய சிறகு செங்குத்தாக நிற்பது. பூச்சி உட்காருவதோ தரையில் அல்லது முழங்காலுயரச் செடியில். ஆகவே காமிராவும் அவ்வுயரத்திற்கு இறங்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் கீழ்ப்பரப்பு ஒரு பழுப்புக் கோடாகச் சுருங்கிவிடும். ஈரத் தரையில் படுத்தெழத் தயங்குபவர் இப்பணிக்குப் பழைய உடைகளை ஒதுக்கி வைத்துக்கொள்ளுதல் நலம்.

சாய்வினால் வரும் பிழையைக் கணக்கிடலாம். சிறகுத்தளம் 10 டிகிரி சாய்ந்திருந்தால் அளவு சுமார் ஒன்றரை சதவிகிதம் குறையும், அது பொருட்படுத்தத்தக்கதன்று. 20 டிகிரி சாய்ந்தால் குறைவு 6 சதவிகிதம் ஆகும். கண்புள்ளியின் விட்டத்தைச் சிறகின் நீளத்தால் வகுத்துப் பெறும் விகிதமே ஒப்பிடுவதற்கு ஏற்ற எண். காமிரா எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது அவ்விகிதத்தைப் பாதிப்பதில்லை. கைபேசிக் காமிராவில் எடுத்த படத்திலிருந்தும் இதனைப் பெறலாம். சாய்வு மட்டும் அதிகமில்லாதிருத்தல் வேண்டும்.

அடுத்தது நிறம். இக்காலத்துக் காமிராக்கள் காட்சியின் நிறத்தைத் தாமே சமன் செய்துகொள்ளும் ஏற்பாடு உடையன. இது திருமண விருந்தைப் படமெடுக்க நன்று. மஞ்சட் பழுப்புக்கும் செம்பழுப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வந்தவருக்கு இடையூறே. பசும்புல்லின் நடுவே ஒரு வகையாகவும் சருகின் நடுவே வேறு வகையாகவும் காமிரா நிறத்தைத் திருத்திவிடும். ஆகவே நிறச் சமநிலையை ஒரே நிலையில் நிறுத்திவிட்டு, சாம்பல்நிற அட்டைத் துண்டு ஒன்றை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். உயிருள்ள பூச்சியின் பக்கத்தில் அட்டையையோ அளவுகோலையோ நீட்ட முடியாது. பூச்சி எழுந்து பறந்தபின், குவியத்தை மாற்றாமல், அது உட்கார்ந்திருந்த இடத்திலேயே அளவுகோலையும் அட்டையையும் வைத்து மற்றொரு படம் எடுத்துக்கொண்டால் அளவும் நிறமும் ஒருங்கே கிடைக்கும். மின்னொளி பயன்படுத்துவதாயின் எல்லா மாதங்களிலும் ஒரே முறையில் பயன்படுத்த வேண்டும். அன்றி முற்றும் தவிர்க்க வேண்டும்.

வேளையும் முக்கியமானது. காலையில் உடலைச் சூடாக்கிக்கொள்ளச் சிறகை விரிக்கும் பூச்சி, வெயில் ஏறியபின்னும், மேகம் கவிந்தபோதும், மாலையில் ஓய்வுகொள்ளும் இடத்திலும் சிறகை மூடிவிடும். கீழ்ப்பரப்பைப் படமெடுக்க ஏற்ற நேரம் இவையே. ஆண் பூச்சி தனக்கென ஓர் இடத்தைக் காவல் காப்பது. அது எழுந்து பறந்தால் பின்தொடர்ந்து ஓடவேண்டியதில்லை. நிழல் அதன்மேல் விழாதபடி அமர்ந்திருந்தால் பெரும்பாலும் அதே இடத்திற்கு வந்துவிடும்.

தேதியைக் காமிராவே குறித்துக்கொள்ளும் என்று நம்பி இருத்தலாகாது. மின்கலத்தை எடுத்து மாட்டிய பிறகு சில காமிராக்களின் கடிகாரம் பழைய நாளுக்குத் திரும்பிவிடுவதுண்டு. படத்தைப் பிறருக்கு அனுப்பும்போது தேதிக்குறிப்பு நீங்கிவிடுவதும் உண்டு. தேதி, நேரம், இடம், செடி, முந்திய மழை பெய்த நாள், அன்றைய மிகக்குறைந்த உஷ்ணநிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் கையால் எழுதி வைப்பதே உறுதி. லின்னேயஸின் கைக்குச் சென்ற மாதிரிகளுடன் அவ்வாறான ஒரு சீட்டு இருந்திருப்பின் அஸ்டீரி என்னும் பெயரே தோன்றியிராது.

கொல்கத்தாவில் ஓராண்டு

டி நிஸ்வில் பணிபுரிந்த அதே நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் ஜூன் மாத நடுவில் தொடங்கி அக்டோபர் முற்பகுதியில் விலகுகிறது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் எடுக்கும் படங்களில் வளைந்த விளிம்பும் கண்புள்ளிகளும் உடைய வடிவமே மிகும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவின் உஷ்ணநிலை 14 டிகிரி சென்டிகிரேட் அளவிற்கு இறங்கும். அப்போது பறப்பது வாலும் நரம்புக் கோடும் உடைய சருகு வடிவம்.

இவ்விரு காலங்களும் எளியவை. அரியது இடைப்பட்ட அக்டோபர், நவம்பர் மாதங்கள். அவ்வமயம் ஒரே செடியோரத்தில், சிறகு கிழிந்து நிறம் மங்கிய மழைக்காலப் பூச்சியும் அன்றே கூட்டிலிருந்து வெளிவந்த புத்தம்புதிய வறட்சிக்காலப் பூச்சியும் அருகருகே உட்காருதல் கூடும். கண்புள்ளி பாதி அழிந்தும், விளிம்பு சற்றே கோணமுற்றும் உள்ள இடைவடிவங்களும் தோன்றும். இங்கேதான் ஓராண்டுப் படத்தொகுப்பின் மதிப்பு விளங்குகிறது. இரண்டே இரண்டு படங்களை வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டு இனங்கள் தெரியும். நாற்பது படங்களை நாள் வரிசையில் அடுக்கிப் பார்ப்பவருக்கு ஒன்று மற்றொன்றாக நழுவிச் செல்வது தெரியும்.

இளம் பூச்சியையும் முதிர்ந்த பூச்சியையும் வேறுபடுத்துதல் இம்மாதங்களில் இன்றியமையாதது. வண்ணத்துப்பூச்சி வெளிவந்தபின் வளர்வதில்லை. சிறகின் செதில்கள் உதிர்ந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே சிறகோரம் முழுமையாயும் நிறம் செறிந்தும் இருப்பின் அது அண்மையில் வெளிவந்தது எனக் கொள்ளலாம். கிழிசல்களுக்கு மற்றொரு பயனும் உண்டு. அவை ஒவ்வொரு பூச்சிக்கும் உரிய தனி அடையாளம் ஆகின்றன. இடப் பின்சிறகில் முக்கோணக் கிழிசல் உள்ள பூச்சி ஒன்று 5ஆம் தேதியும் 14ஆம் தேதியும் படத்தில் விழுந்தால், அது பத்து நாட்கள் அத்தோட்டத்தைவிட்டு அகலவில்லை என்பது, வலை வீசாமலும் குறியிடாமலும் தெரிந்துவிடுகிறது.

மார்ச் முதல் மே வரையுள்ள கோடையில் எளிய விதி எதுவும் செல்லாது. வெப்பம் மிகுதி, ஈரம் குறைவு, நடுநடுவே வங்காளத்தின் கோடை இடிமழை. அம்மழைக்குப் பின் சில வாரங்களில் வெளிவரும் பூச்சிகளின் கீழ்ப்பரப்பைத் தேதியுடன் பதிவது, ஆண்டின் பிற மாதங்களில் எடுக்கும் பல படங்களினும் பயன் மிக்கது. கொல்கத்தாவின் நாட்காட்டி எல்லா இடத்திற்கும் பொருந்தாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். சோழமண்டலக் கரையில் மழை மிகுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கொல்கத்தாவின் புல் காயத் தொடங்கும்போது சென்னையின் புல் துளிர்க்கிறது. இரு நகரத்தார் ஒரே நாளில் எடுத்த படங்களை ஒப்பிடுவது அதனாலேயே சுவை பயப்பது.

வேடத்தின் பயன்

பச்சை செறிந்த மழைக்காலத்தில் பழுப்பு நிறப் பூச்சி முற்றும் மறைந்துவிட இயலாது. அது சுறுசுறுப்பாகப் பறந்து, துணை தேடி, முட்டையிட்டுத் திரியும் காலமும் அதுவே. அசையும் பூச்சிக்குச் சருகு வேடம் உதவாது. ஓரத்துக் கண்புள்ளிகள் வேறு வகையில் காக்கின்றன. தாக்க வரும் பகை உயிரின் கண்ணை அவை உடலிலிருந்து விலக்கிச் சிறகின் ஓரத்திற்கு இழுக்கின்றன. சிறகின் ஓரம் போனாலும் பூச்சி பறக்கும். தலை போனால் பறவாது. ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சியாகிய பைசைக்ளஸ் அனினானாவை வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட சோதனையில், கும்பிடுபூச்சிகளின் தாக்குதல் கண்புள்ளிகளின் பக்கம் திரும்பியது காணப்பட்டது. மயில் வசீகரனின் மேற்பரப்பிலுள்ள பெரிய மயிற்கண்ணின் பயன் வேறு. சிறகு விரிந்த நிலையில் எதிர்ப்படும் பெருங்கண்கள் தாக்க வரும் பறவையைத் தயங்கச் செய்கின்றன என்பது 2009இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு. பருவம் மாறியும் மேற்பரப்பு பெரிதும் மாறாமைக்கு இது ஓரளவு விளக்கமாகலாம்.

வறட்சிக்காலத்தில் நிலைமை தலைகீழ். புல் காய்ந்து சருகு பரவிய தரையில் அசையாது கிடப்பதே நல்ல காப்பு. அப்போது ஓரத்தில் வளையமிட்ட புள்ளிகள் இருப்பது, மறைந்திருப்பவன் விளக்கேற்றி வைத்ததற்கு ஒப்பாகும். அவை அழிந்து நரம்புக் கோடு தோன்றுதல் அதனால்தான். வெப்பநாட்டு வண்ணத்துப்பூச்சிகளில் இவ்விரு வடிவங்கள் தோன்றியதற்கான காரணங்களை ஆராய்ந்து பிரேக்ஃபீல்டு, லார்சன் ஆகிய இருவரும் 1984இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது.

எந்த வேடம் பூண்பது என்பது பரம்பரையில் எழுதி முடிந்ததன்று. இரண்டையும் பூணவல்ல ஆற்றலே பரம்பரையாக வருவது. எதைப் பூணுவது என்பதைப் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் இருக்கும் காலத்துச் சூழ்நிலை முடிவு செய்கிறது. மேற்கூறிய ஆப்பிரிக்க இனத்தில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. 27 டிகிரி அளவில் வளர்ந்த புழுக்கள் பெரிய கண்புள்ளிகளுடன் மழைக்கால வடிவமாகின்றன. 20 டிகிரிக்குக் கீழ் வளர்ந்தவை வறட்சிக்கால வடிவமாகின்றன. உஷ்ணநிலைக்கும் சிறகின் கோலத்திற்கும் இடையே தூது செல்வது எக்டைசோன் வகை ஹார்மோன். வெப்பத்தில் வளர்ந்த கூட்டுப்புழுவின் இரத்தத்தில் இந்த ஹார்மோன் முந்தி உயர்கிறது. குளிரில் வளர்ந்ததில் பிந்தி உயர்கிறது. குளிரில் வளர்ந்த இளங்கூட்டுப்புழுவினுள் இதனை ஊசி வழியே செலுத்தியபோது வடிவம் மழைக்காலத்தின் பக்கம் சாய்ந்தது. மயில் வசீகரனின் நெருங்கிய உறவாகிய அமெரிக்க இனம் ஜுனோனியா சீனியாவிலும், கோடையின் வெளிர் வடிவத்தையும் கூதிர்காலத்தின் செந்நிற வடிவத்தையும் பிரிப்பது அதே ஹார்மோனே என்று 1995இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. கூடு கட்டிய பின்னர் இரண்டாம் நாளை ஒட்டிய சில மணி நேரமே அங்கு முடிவான காலம்.

பூச்சியிடம் மழையை அளக்கும் கருவி இல்லை. வரப்போகும் பருவத்தை வெப்பம் போன்ற குறிகளால் அது முன்கூட்டி ஊகிக்கிறது. குறியும் பருவமும் சேர்ந்து வரும் வரையில் ஊகம் பலிக்கும். மழை பிந்திய ஆண்டிலோ, குளிர் குறைந்த ஆண்டிலோ இரண்டும் பிரிந்து நின்றால், பச்சைப் புல்லின்மேல் சருகு வேடமும், காய்ந்த தரையில் வளையப் புள்ளிகளுமாகப் பூச்சி நிற்க நேரும். பறவைக்கு அது எளிய இரை. அவ்வாறு நேருகிறதா என்பதை ஓராண்டுப் படங்கள் சொல்லமாட்டா. ஒரே தோட்டத்தில் பத்தாண்டுகள், தேதியுடனும் கீழ்ப்பரப்புடனும் எடுத்த படங்கள் சொல்லும். ஆய்வுக்கூடம் எதுவும் எடுத்து வைக்காத இத்தகைய தொகுப்பைத் தோட்டமுடைய எவரும் எடுத்து வைத்தல் கூடும்.

முட்டையிலிருந்து

பறக்கும் பூச்சிகளின் படவரிசை எவ்வளவு நிறைவானதாயினும், ஒரு வடிவத்திற்குப் பிறந்தது மற்றொரு வடிவம் என்பதை நேராகக் காட்டாது. அதற்கு டி நிஸ்வில் கையாண்ட வழியே வழி. நீர்முள்ளி இதற்கு ஏற்ற செடி. குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் இதனை வங்காளத்தார் குலேகாடா என வழங்கிக் கீரையாகச் சமைத்துண்பர்; நம் நாட்டு வைத்தியத்தில் இதன் விதை பெயர் பெற்றது. செப்டம்பர் இறுதியில் கண்புள்ளிகளுடைய மழைக்காலப் பெண்பூச்சி நீர்முள்ளியைச் சுற்றித் தயங்கித் தயங்கிப் பறப்பதைக் கண்டால் காத்திருக்க வேண்டும். அது முட்டைகளை ஒவ்வொன்றாகவே இடும். பசுமையான, நெடுக வரிவரியாக மேடிட்ட சிறு முட்டை. முட்டையிடும் தாயின் மூடிய சிறகைப் படமெடுத்துவிட்டு, முட்டையுள்ள கொம்பை மட்டும் நறுக்கி நீரில் நிறுத்திக் கொண்டுவர வேண்டும். நீர்ப்புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்க மறந்தால் புழுக்கள் தண்டின் வழி இறங்கி மூழ்கிவிடும். இது புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை.

சில நாட்களில் புழு வெளிவரும். வளர்ந்த புழுவின் கருமை கலந்த உடலில் கிளைத்த முட்கள் நிறைந்திருக்கும். ஆயினும் அவை கொட்டுவதில்லை. அதனை வீட்டினுள் அடுப்பங்கரையின் வெப்பத்தில் வைக்காமல், வெளியே மழை படாத திண்ணையில், தோட்டத்தின் காற்றும் குளிரும் படுமாறு வைத்தல் அவசியம். வடிவத்தைத் தீர்மானிக்கும் காலம் புழுவின் இறுதி நாட்களும் கூட்டுப்புழுவின் முதல் நாட்களும் ஆதலின், அந்நாட்களின் மிகக்குறைந்த, மிகவுயர்ந்த உஷ்ணநிலைகளைத் தவறாது குறிக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கும் பழுப்புநிறக் கூடு கருத்து, உள்ளே சிறகின் நிறம் தெரியத் தொடங்கினால் மறுநாட் காலையில் பூச்சி வெளிவரும் என்பது திண்ணம்.

வெளிவந்த பூச்சி சிறகை உலர்த்திக்கொண்டு கூட்டின் அருகிலேயே ஓரிரு மணி நேரம் மூடிய சிறகுடன் தொங்கும். செதில் ஒன்றும் உதிராத அக்கீழ்ப்பரப்பை வேறெப்போதும் அவ்வளவு அருகில் படமெடுக்க வாய்ப்பதில்லை. வெற்றுக்கூட்டையும் சேர்த்து ஒரு படம், அளவுகோலுடன் ஒரு படம், தாயின் எண்ணைக் குறித்த சீட்டுடன் ஒரு படம் எடுத்துக்கொண்டபின், சிறகை முதன்முறை விரிக்கும் வேளையில் நீர்முள்ளி நின்ற இடத்திலேயே அதனை விட்டுவிடலாம்.